சென்னை அனிமேஷன் ஸ்டுடியோக்களுக்கு ரீல் (வேலை கேக்குறதுக்காக, செஞ்ச ஷாட்டுகள தொகுத்த வீடியோ) அனுப்பியும் பதில் வரலன்னு கேட்ட சேலம் நண்பருக்கு

மூணு நிமிச ரீல ஒரு நிமிசத்துக்குள்ள வெட்டுங்க, சுத்துற லோகோ, கார் மாடல் எல்லாம் தூக்கிட்டு அந்தக் கிழவர் மூட்டை தூக்குற ஷாட்ட முதல்ல வைங்க. அனிமேட்டர் வேலைக்குத்தான கேக்குறீங்க, அப்ப நடிப்பும் அசைவும் மட்டும் போதும்.

நீங்க போட்ட லிங்க்க பாத்தேன், நடக்குறப்ப கால் வழுக்குது, உடம்புல கனம் தெரியல, சென்னை ஸ்டுடியோக்காரங்க அந்த இடத்துலயே வீடியோவ மூடியிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

கேமரா நகராத ஷாட்டா எடுத்து, ஊனின கால் மேல ஸ்கிரீன்லயே மார்க்கர்ல ஒரு புள்ளி வச்சு ஃப்ரேம் ஃப்ரேமா நகத்துங்க. கால் தூக்குற வரைக்கும் புள்ளிய விட்டு நகரக்கூடாது. அடி வச்ச உடனே இடுப்பு கொஞ்சம் இறங்கணும், உங்களுதுல நேர்கோட்டுலயே போகுது. ஏற்காட்டுல காப்பி மூட்டை சுமக்குறவங்கள கேட்டுக்கிட்டு போன்ல வீடியோ எடுங்க, சரிவுல இறங்குறப்ப முழங்கால் மடங்குறத பாத்தாலே பாதி புரிஞ்சிரும்.

இத சரி பண்ணாலும் உடனே வேலை வந்துரும்னு சொல்ல மாட்டேன், ப்ராஜெக்ட் வந்தாதான் ஆள் எடுக்குறாங்க. அதுவரைக்கும் அப்பா சொல்ற செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு பகல்ல போங்க, ராத்திரி ஒரு ஷாட் பண்ணுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல.

பெரிய ஆளுங்களுக்கும் இப்படித்தான், அமெரிக்க அனிமேஷன் டைரக்டர் பிராட் பேர்டையே டிஸ்னி வேலைய விட்டு அனுப்புச்சு, 1999ல அவர் எடுத்த தி அயர்ன் ஜயன்ட் படம் தியேட்டர்ல ஓடல, எனக்கு அது இன்னைக்கும் உசுரு. அப்புறம் 2004ல தி இன்கிரெடிபிள்ஸ், அதுக்கு ஆஸ்கார்.

வெட்டின ரீல இங்கயே போடுங்க, பாத்து சொல்றேன்.