நீர்மூழ்கி விளையாட்டில் எதிரி நம்மை முதலில் கண்டுபிடிப்பது ஏன்?

நீர்மூழ்கி சிமுலேஷன் விளையாட்டுகளில், நம் திரையில் ஒன்றுமே இல்லாதபோது டார்பிடோ வந்து தாக்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் நம் வேகம்தான்.

பாசிவ் சோனார் காது கொடுத்துக் கேட்கும் கருவி, அவ்வளவுதான். எதிரியின் சத்தம், தூரத்தில் தேய்ந்தது போக, கடலின் இரைச்சலையும் நம் கப்பலின் இரைச்சலையும் மீறினால்தான் திரையில் தெரியும். வேகத்தைக் கூட்டினால் நம் காதும் மந்தமாகும், நம் சத்தமும் வெகுதூரம் போகும். புரொப்பல்லரில் குமிழிகள் உடையத் தொடங்கினால் இன்னும் மோசம். ஆழத்தில் நீரழுத்தம் அதிகம் என்பதால் அதே வேகத்திலும் குமிழி எளிதில் வராது. அதனால் முதலில் இறங்குங்கள், அப்புறம் வேகமெடுங்கள்.

பாசிவ் சோனார் திசையைத்தான் சொல்லும். தூரத்தைக் கணிக்க, நீங்கள் போக்கை மாற்றி, எதிரியின் திசை எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் ஆக்டிவ் சோனார் தூரத்தை உடனே தரும்: நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும், ஒலி போய் எதிரொலி திரும்ப மொத்தம் 8 நொடி ஆனால், போக 4 நொடி, எதிரி 6 கிலோமீட்டரில் இருக்கிறான். ஆனால் எதிரொலி நமக்குத் திரும்பி வராத தூரத்தில் இருப்பவனுக்கும் நாம் அனுப்பிய ஒலி கேட்டுவிடும்.

வெப்ப அடுக்குக்குக் கீழே, அதாவது நீரின் வெப்பநிலை சட்டென மாறி ஒலியை வளைக்கும் அடுக்குக்குக் கீழே, பதுங்குவது நல்லதுதான். ஆனால் அங்கும் நம் கப்பலின் வால்பக்கம் இருந்து வரும் சத்தம் நமக்குக் கேட்காது. அவ்வப்போது கப்பலைத் திருப்பி அந்தப் பக்கமும் கேட்டுப் பாருங்கள்.