கூன் போடாமல் நிமிர்ந்து நடக்க என்ன செய்வது? முதுகு பெல்ட் வாங்கலாமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 26. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை. தோள் முன்னால் மடங்கிக் கிடக்கிறது என்று அம்மா தினமும் திட்டுகிறார், அடுத்த மாதம் பெண் பார்க்கப் போகிறார்கள். பெல்ட் வாங்கலாமா, நிமிர்ந்தால் உயரம் கூடுமா என்று கேட்டிருக்கிறார்.

பெல்ட்டை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம். தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் அந்தப் பட்டை, போட்டிருக்கும் வரை ஞாபகப்படுத்தும். கழற்றினால் தோள் பழைய இடத்துக்கே வந்துவிடும். இழுக்கிற வேலையைப் பட்டையே பார்த்துக்கொள்வதால் முதுகுத் தசைக்கு எந்தப் பலமும் ஏறாது. அதிலும் சேலத்து வெயிலில் சட்டைக்குள் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வேர்க்குருதான் மிச்சம்.

எங்களுடையது சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். முதுகு எப்படி வளைகிறது என்பதை நான் பார்த்தது அங்கேதான். பற்றவைக்கிற ஆள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த பலகை மேல் கொலுசை வைத்து, ஒவ்வொரு வளையமாகத் தீயைக் காட்டவேண்டும். தீ அலையும் என்று ஃபேன்கூடப் போட முடியாது. வளையமோ கடுகு அளவு. அதைப் பார்க்கக் கண் கிட்டப் போகும், கண்ணோடு தலை போகும், தலையோடு முதுகும் போகும். "நிமிந்து உக்காருங்கப்பா" என்று அப்பா சொல்லாத நாளில்லை. சொன்ன நிமிஷம் நிமிர்வார்கள், அடுத்த வளையத்துக்கு மறுபடி குனிவார்கள். பலகைக்கு அடியில் இரண்டு அடுக்கு செங்கல் கொடுத்து உயர்த்தி, பக்கத்தில் ஓர் எல்இடி விளக்கு மாட்டினோம். மூத்த அண்ணன் ஒருவருக்கு மூக்குக் கண்ணாடியின் பவரையும் மாற்றினோம். அப்புறம் யாரும் யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை.

உங்கள் லேப்டாப்பிலும் சிக்கல் இதேதான். திரையும் கீபோர்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதால், கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கண் கீழே இறங்கும். தனியாக ஒரு கீபோர்டும் மௌஸும் வாங்குங்கள், பெல்ட்டுக்கு வைத்திருக்கும் காசை இதில் போடுங்கள். லேப்டாப்பைப் பழைய புத்தகங்கள் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். பாதம் தரையில் படியட்டும். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் பெரிதாக்குங்கள், அப்படியும் திரையை நோக்கித் தலை போனால் கண்ணைச் சோதித்துப் பாருங்கள். கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் வைத்து வேலை பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தலையின் எடை சுமார் 5 கிலோ. செல்போனுக்காக 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் 27 கிலோ பாரம் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது 2014ல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் வெளியிட்ட கணக்கு. கம்ப்யூட்டர் மாதிரியில் போட்டது, ஆளை நிறுத்தி அளந்தது அல்ல. அதைப் பார்த்துக் கழுத்து உடைந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் போதும்.

இன்னொன்று. போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்தால் சரி என்று நினைக்காதீர்கள். ஒரு மணி நேரம் அப்படி இருந்தாலும் முதுகு கடுக்கும். எப்படி உட்கார்கிறோம் என்பதைவிட, அசையாமல் எத்தனை நேரம் உட்கார்கிறோம் என்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

உடற்பயிற்சியில் ஒன்றே ஒன்று செய்ய நேரம் இருக்கிறது என்றால், இழுக்கிற பயிற்சி. உடற்பயிற்சிக்கென்றே விற்கும் நீளமான ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் பின்னால் நெருங்கும்படி மெதுவாக இழுத்து, மெதுவாக விடுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், 10 தடவையாக மூன்று சுற்று. கூடவே தலையைக் குனியாமல் தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்துச் சில விநாடி வைத்திருப்பது. இரட்டைத் தாடை விழும், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், யாரும் இல்லாதபோது செய்யுங்கள். இரண்டு மாதமாவது ஆகும். பெண் பார்க்கிற தேதிக்குள் முழுப் பலன் கிடைக்காது, சொல்லிவிடுகிறேன்.

ஏற்காடு ஏறினால் முதுகு சரியாகுமா என்று பட்டறைப் பையன்கள் கேட்பார்கள். நடந்து ஏறினால் இடுப்புக்கும் காலுக்கும் நல்லதுதான். இவர்கள் பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்துகொண்டு போய்விட்டு, கழுத்து வலியோடு இறங்குவார்கள்.

கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று நிமிர்ந்து பாருங்கள். வளைவு மறைந்தால் பழக்கத்தால் வந்தது. எவ்வளவு நிமிர்ந்தாலும், மல்லாந்து படுத்தாலும் மறையவில்லை என்றால் எலும்பிலேயே வளைவு இருக்கலாம், டீன் ஏஜில் சிலருக்கு முதுகெலும்பு ஆப்பு வடிவில் வளர்ந்துவிடும். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் முதுகு இறுக்கமாக இருந்து நடமாடினால் குறைவது, கை மரத்துப்போவது, பலம் குறைவது, ராத்திரி வலி, காய்ச்சல், எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

உயரம்: 26 வயதில் எலும்பு வளராது. கூனில் ஒளிந்திருந்த உயரம் வெளியே தெரியும், அவ்வளவுதான். சட்டையும் தோளில் ஒழுங்காக உட்காரும். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் ராத்திரி படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்புவதால், எல்லோருமே காலையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்போம், சாயங்காலத்துக்குள் அது இறங்கிவிடும். பெண் பார்க்கிற நேரத்தைக் காலையில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.