யுவே ஃபெய் கோயிலில் இல்லாத சிலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை விஷயமாக ஹாங்சோ போயிருந்தபோது மேற்கு ஏரிக்கரையில் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோங் பேரரசின் தளபதி யுவே ஃபெய்யின் கோயிலைப் பார்த்தேன். உடன் வந்த சீன நண்பர் ‘மன் ஜியாங் ஹோங்’ கவிதையை மனப்பாடமாகச் சொன்னார். அது யுவே ஃபெய் எழுதியதே அல்ல என்று பிறகு படித்தேன். அப்படியென்றால் அந்தக் கோயிலில் அதற்கு என்ன இடம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சந்தேகம் புதிதல்ல. 1930களிலேயே யூ ஜியாசி என்ற அறிஞர் கிளப்பியதுதான். யுவே ஃபெய் கொல்லப்பட்டது 1142 ஜனவரியில். அவருடைய பேரன் தாத்தாவின் எழுத்துகளைத் தேடித் தொகுத்தார். அதில் இந்தக் கவிதை இல்லை. சுமார் முந்நூறு ஆண்டு கழித்து, மிங் வம்ச காலத்தில்தான் கண்ணில் படுகிறது. அப்புறம், இடமும் உதைக்கிறது. ஹெலன் மலைக் கணவாயைத் தேரேறிப் போய் நொறுக்குவேன் என்கிறது கவிதை. அந்த மலை வடமேற்கே, அன்று மேற்கு சியா அரசின் கையில். யுவே ஃபெய் போரிட்டது வடசீனாவைப் பிடித்திருந்த ஜுர்சென் மக்களோடு, அவர்களின் தாயகமோ வடகிழக்கே. மிங் படைகளுக்குத்தான் ஹெலன் பக்கம் மங்கோலியரோடு சண்டை. மலையை உருவகமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்போரும் உண்டு. எனக்கு மிங் காலக் கட்சியே வலுவாகப் படுகிறது.

ஆனால் கோயிலே அவர் காலத்தது இல்லையே. 1221இல் கட்டினார்கள். கலாச்சாரப் புரட்சியில் கல்லறையை உடைத்தார்கள், 1979இல் திரும்பக் கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் சேர்த்துச் சேர்த்து உண்டாக்கிய இடத்தில் பின்னால் வந்த கவிதை இருப்பது எனக்கு உறுத்தவில்லை. (பகைவரின் கறி தின்று ரத்தம் குடிக்கும் வரிகள் உறுத்தத்தான் செய்கின்றன.)

கல்லறை முன்னால் மண்டியிட்டிருக்கும் நான்கு இரும்புச் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். யுவே ஃபெய்யைக் கொல்லச் செய்த அமைச்சர் சின் ஹுய், அவர் மனைவி, இரண்டு கூட்டாளிகள். காலங்காலமாக மக்கள் துப்பித் தீர்த்த சிலைகள். சரி, போர்முனையிலிருந்து தளபதியைத் திரும்ப அழைத்தது பேரரசர் காவ்சோங் அல்லவா? அவருக்கு ஏன் அங்கே சிலை இல்லை?

1127இல் ஜுர்சென்கள் அவருடைய அப்பாவையும் அண்ணனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இருவரும் பேரரசர்களாக இருந்தவர்கள். கவிதை சொல்லும் ‘ஜிங்காங் அவமானம்’ அதுதான். அதைத் துடைத்து அண்ணனை மீட்டால் அரியணை யாருக்கு? 1141இல் சமாதான உடன்படிக்கை ஆனது. அதன் பிறகு காவ்சோங்கின் அம்மா உயிரோடு திரும்பினார், அப்பாவின் சவப்பெட்டி வந்தது. அண்ணன் வரவேயில்லை, வடக்கிலேயே இறந்தார்.

மிங் கால ஓவியர் வென் ஜெங்மிங் இந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டார். ‘மன் ஜியாங் ஹோங்’ ஒரு மெட்டின் பெயர், பலரும் அதில் எழுதியிருக்கிறார்கள். அதே மெட்டில் இவர் கேட்கிறார்: அப்பாவும் அண்ணனும் திரும்பிவிட்டால் காவ்சோங்கின் கதி என்ன? சின் ஹுய் என்ற அற்பனால் தனியாக என்ன செய்திருக்க முடியும், அரசனின் ஆசைக்கு ஒத்துப்போனான், அவ்வளவுதான்.

கோயிலுக்குப் போகிறவர்கள் இதையும் சேர்த்துப் படித்துவிட்டுப் போகலாம். இதை யார் எழுதியது என்பதில் சண்டை இல்லை.