தூண்டில் பதில்கள்: முழங்கால் ஆழத்தில் டிரவுட்

கேள்வி: அண்ணே, பினாங்கு பத்து மாவுங்கில் பல வருடமாகச் சியாக்காப் (கொடுவா மீன்) பிடிக்கிறேன். மகள் டென்மார்க்கில், ஓடென்ஸ் நகரில் இருக்கிறாள். நவம்பர் கடைசியில் போகிறேன். அங்கே கரையில் நின்றே கடல் டிரவுட் மீன் பிடிக்கலாமாமே? என் ஏழடிக் கோல் போதுமா? டிரவுட்டுக்கு உறவான சார் மீனும் கிடைக்குமா?
– ஒரு வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: நல்ல ஊருக்குத்தான் போகிறீர்கள் தம்பி. ஓடென்ஸ் இருக்கும் ஃபூனென் தீவின் கரைகள் கடல் டிரவுட்டுக்குப் பேர்போனவை. ஏழடிக் கோல் வேண்டாம், ரீலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 10 முதல் 30 கிராம் வரை லூர் (செயற்கை இரை) வீசும் ஒன்பதடிக் கோல் அங்கே வசதி.

கோல் நீளமாக இருக்கிறதே என்று எடுத்தவுடன் தூரத்தில் வீசாதீர்கள். நம் ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித்தான் முதல் வீச்சே வீசுவார்கள். டிரவுட்டோ இறாலும் புழுவும் குஞ்சு மீனும் தேடி முழங்கால் ஆழத்துக்கே வரும். நீங்கள் இறங்கும்போதே அது ஓடிவிடும். அண்ணன் மகன் வீட்டில் தங்கி அந்தக் கரைகளில் பிடித்தபோது, காலை நனைக்காமல் கரையோரமாகவே இரண்டு பக்கமும் வீசிப் பார்ப்பேன். நல்ல கடிகள் பலவும் அப்படி வந்தவைதான். மணலும் பாசியும் சிறுத்தைத் தோல் போலத் திட்டுத் திட்டாக இருக்கும் இடம் பாருங்கள். ரீலைச் சுற்றி லூரை இழுக்கும்போது நடுவில் ஒரு நொடி நிறுத்துங்கள். பின்னால் வரும் மீன் அப்போதுதான் கவ்வும்.

இனி முக்கியமான விஷயம். ஆற்றில் வளர்ந்த சியாக்காப் முட்டையிட உப்புத் தண்ணீருக்கு இறங்கும். டிரவுட் நேர்மாறு, கடலில் மேய்ந்துவிட்டு ஆற்றில் ஏறும். நீங்கள் போகும் மாதம் அதன் முட்டைக் காலம். நவம்பர் 16 முதல் ஜனவரி 15 வரை, நிறம் மாறிய டிரவுட் கடலில் மாட்டினாலும் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் விடத்தான் சொல்வேன், அடுத்த தலைமுறையே அதன் வயிற்றில்தானே இருக்கிறது! பழுப்பேறி, செதில் தோலோடு ஒட்டிக்கிடந்தால் அது முட்டை மீன். வெள்ளிபோல் மின்னி, தொட்டால் செதில் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த வருடம் ஆறு ஏறாதது. அதுவும் 40 சென்டிமீட்டர் இருந்தால்தான் எடுக்கலாம். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள்.

குளிர் ஏற ஏற உப்பு அதிகமான நீர் டிரவுட்டுக்கு ஒத்துக்கொள்ளாது. அப்போது உப்புக் குறைந்த உள் விரிகுடாக்களில் தேடுங்கள். ஆனால் ஆற்று வாய்களைச் சுற்றி 500 மீட்டர் வரை தடைப்பகுதி உண்டு, வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சார் மீனுக்கு நார்வேயின் வடகோடிக்குப் போக வேண்டும், அதுவும் கோடையில். சில வாரம்தான் கடலில் இருக்கும், அப்புறம் ஆறு ஏரிக்குத் திரும்பிவிடும். இந்தப் பயணத்தில் அதை மறந்துவிடுங்கள்.

தூண்டில் உரிமத்தை இணையத்திலேயே வாங்கலாம், ஒரு நாளுக்கும் உண்டு, வாரத்துக்கும் உண்டு. மார்பு வரை ஏறும் வேடர்ஸ் (தண்ணீர் புகாத கால்சட்டை) போட்டால் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். அந்தக் குளிரில் உள்ளே தண்ணீர் புகுந்தால் ஆபத்து. தனியாகப் போகாதீர்கள், மகளையோ மருமகனையோ கூட்டிப் போங்கள்.