சிறுதொழில் கேள்வி – பதில்: விளம்பரத்துக்கு நேரம் எங்கே?

கேள்வி: மரச்சாமான் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். உதவிக்கு இரண்டு பேர். காலை 8 மணிக்குத் திறந்தால் இரவு 9 மணி வரை நிமிர நேரமில்லை. ஆர்டர் குவிந்திருக்கும் மாதங்களில் விளம்பரத்தைப் பற்றிய நினைப்பே வருவதில்லை. கையிலிருக்கும் வேலை முடிந்த பிறகு பார்த்தால் அடுத்து ஒன்றும் இருக்காது. அப்போது அவசர அவசரமாக ஃபேஸ்புக்கில் படம் போடுகிறேன், யாரும் கூப்பிடுவதில்லை. என்னைப் போன்றவர்கள் மார்க்கெட்டிங்குக்கு எங்கிருந்து நேரம் எடுப்பது?

பதில்: அலமாரி செய்ய நினைப்பவர் விசாரித்த அன்றே முன்பணம் தருவதில்லை. நாலு இடத்தில் கேட்பார், வீட்டில் கலந்து பேசுவார், அளவை இரண்டு முறை மாற்றுவார். முதல் விசாரிப்புக்கும் முன்பணத்துக்கும் நடுவே பல வாரங்கள் ஓடிவிடும். இன்று பட்டறை காலியாக இருக்கிறதென்றால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு வேலை மும்முரத்தில் விசாரித்தவர்களைக் கவனிக்காமல் விட்டதன் பலன் அது. வேலை இல்லாத நேரத்தில் போடும் விளம்பரம் அந்த மாதப் பள்ளத்தை நிரப்பாது. அதனால் ஆர்டர் நிறைய இருக்கும் வாரங்களில்தான், கொஞ்சமாகவாவது, இதைச் செய்தாக வேண்டும்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? உங்கள் அளவிலான தொழிலுக்கு வாரம் 90 நிமிடம் போதும். அதை மூன்று நாள், 30 நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டறையைத் திறப்பதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வைத்தால் ஒரு போன் வந்தாலே அது பறிபோகும். இரவில் வைத்தால் உடம்பு கேட்காது. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று ஒத்திப்போட்டு ஒரு மாதம் போய்விடும்.

அந்த 90 நிமிடத்தை முதலில் சம்பாதிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு, போனில் யார் என்ன கேட்டார்கள் என்று ஒரு தாளில் ஒற்றை வரியாகக் குறித்து வாருங்கள். என்னென்ன மரத்தில் செய்வீர்கள், எத்தனை நாளாகும், வீட்டுக்கு வந்து அளவெடுப்பீர்களா, வந்து பொருத்தித் தருவீர்களா என்று ஏழெட்டுக் கேள்விகளே திரும்பத் திரும்ப வருவது தெரியும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 'குயிக் ரிப்ளை' என்ற வசதி இருக்கிறது. இந்தப் பதில்களை ஒருமுறை நிதானமாக எழுதி அதில் சேமித்து, ஆளுக்கொரு சின்னப் பெயர் கொடுப்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் கொடுத்துவிடுங்கள். பிறகு சாய்கோடு போட்டு அந்தச் சொல்லைத் தட்டினாலே முழுப் பதிலும் வந்து நிற்கும். 50 பதில்கள் வரை சேமிக்கலாம். உங்களுக்குப் பத்தே அதிகம். வாயால் தினமும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் மிச்சமாகும்.

இப்போது, கிடைத்த நேரத்தில் எதை முதலில் செய்வது? புதிதாகப் படம் போடுவதை அல்ல. ஏற்கெனவே விலை கேட்டு, கொட்டேஷன் வாங்கிப் போய், பதில் சொல்லாமல் இருப்பவர்களை முதலில் பிடியுங்கள். சிறுதொழிலில் இதைவிடச் செலவு குறைந்த மார்க்கெட்டிங் கிடையாது. ஆனாலும் பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான், 'நாமாகக் கேட்டால் வேலை இல்லாமல் அலைகிறோம் என்று நினைப்பார்களோ' என்ற கூச்சத்தால். 'என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?' என்று மொட்டையாகக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். இப்படி எழுதிப் பாருங்கள்:

'வணக்கம். போன வாரம் படுக்கையறை அலமாரிக்கு அளவெடுத்தோம். கதவு இழுக்கும் மாதிரியா, திறக்கும் மாதிரியா என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள். திறக்கும் கதவுக்கு முன்னால் 2 அடியாவது இடம் வேண்டும். உங்கள் அறையில் கட்டில் இடிக்கும். நாங்கள் செய்த இழுக்கும் கதவின் படத்தை அனுப்பியிருக்கிறேன். 20ஆம் தேதிக்குள் சொன்னால் அடுத்த மாத முதல் வாரத்தில் பொருத்திவிடலாம்.'

இதில் அவருடைய தயக்கம் எது என்று உங்களுக்கு நினைவிருப்பது தெரிகிறது, அதற்கு ஒரு தீர்வு இருக்கிறது, முடிவெடுக்க ஒரு தேதியும் இருக்கிறது. கொட்டேஷன் கொடுத்த 3ஆம் நாள் ஒன்று, 10ஆம் நாள் ஒன்று, 30ஆம் நாள் ஒன்று என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் தொந்தரவு. வேண்டாம் என்றவரிடம் காரணத்தை ஒரு வரியில் கேட்டுக் குறித்து வையுங்கள். ஐந்தாறு பேர் ஒரே காரணத்தைச் சொன்னால் கவனிக்க வேண்டியது உங்கள் விலையோ, நாள் கணக்கோதான்.

ஒரு எச்சரிக்கை. 'மார்க்கெட்டிங்' என்று மட்டும் நாட்குறிப்பில் எழுதினால், அந்த அரை மணி நேரம் எழுத்துருவும் நிறமும் தேர்ந்தெடுப்பதிலும், அடுத்தவர் போட்ட ரீல்ஸைப் பார்ப்பதிலும் கரைந்துவிடும். முந்தைய இரவே 'அந்த நாலு கொட்டேஷனுக்குச் செய்தி' என்று வேலையின் பெயரை எழுதி வைத்துவிடுங்கள். உட்கார்ந்ததும் கை தானாக ஆரம்பிக்கும்.

கேள்வி: ஏசி, குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறேன். இன்ஸ்டாகிராமில் தொடர்ந்து போட வேண்டும் என்கிறார்கள். தினமும் என்ன போடுவது என்று யோசித்தே சலித்துவிட்டது.

பதில்: தினமும் போட வேண்டியதில்லை, வாரம் இரண்டு போதும். யோசிப்பதையும் எடுப்பதையும் போடுவதையும் ஒரே மூச்சில் செய்யப் பார்ப்பதால்தான் சலிப்பு வருகிறது. மூன்றையும் பிரித்துவிடுங்கள்.

எடுப்பது வேலை நடக்கும்போதே. ஒவ்வொரு வேலையிலும் நாலு படம்: தொடும் முன்பு, பிரித்த பிறகு, பழுதான பாகம் மட்டும் நெருக்கமாக, முடித்த பிறகு. முதல் படமும் கடைசிப் படமும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எடுக்கும் முன் போனின் லென்ஸைச் சுத்தமான துணியால் துடையுங்கள். உங்கள் வேலையில் கையில் எண்ணெயும் தூசியும் இருக்கும். படம் மங்கலாக வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வாடிக்கையாளரின் வீடு படத்தில் தெரிந்தால் அனுமதி கேளுங்கள். எடுத்த கையோடு போனில் தனி ஆல்பத்தில் போட்டுவிடுங்கள். குடும்பப் படங்களோடு கலந்துவிட்டால் பிறகு தேடுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

யோசிப்பது எடுத்த படத்திலிருந்தே. அந்த நாலில் மூன்றாவது படத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பளபளவென்று முடித்த ஏசியின் படத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். அழுக்கு அடைத்த ஃபில்டரின் படத்தைப் போட்டு, 'இது அடைத்தால் காற்றோட்டம் குறையும், உள்ளே காயிலில் பனி கட்டும், அறை குளிராது. கேஸ் குறைந்ததாகத்தான் பலரும் நினைப்பார்கள், முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள்' என்று எழுதினால் படிப்பவர் அதைச் சேமித்து வைப்பார். கழுவியும் சரியாகவில்லை என்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்.

போடுவது 15 நாளுக்கு ஒருமுறை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நிர்வகிக்க உதவும் மெட்டா பிசினஸ் சூட் என்ற செயலியில், இரண்டுக்கும் சேர்த்தே எந்தப் போஸ்ட் எப்போது வர வேண்டும் என்று முன்கூட்டியே தேதி குறித்து வைக்கலாம். ஒருமுறை உட்கார்ந்து நாலு போஸ்ட் வைத்துவிட்டால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. வீடியோ என்றால் போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். ஒரு வீடியோவில் ஒரே கேள்வி, 30 விநாடிக்குள் பதில்.

கேள்வி: பழைய வாடிக்கையாளர்கள் 200 பேருக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) அறிவிப்பு அனுப்பினேன். பாதிப் பேருக்கு மேல் போய்ச் சேரவேயில்லை. போன் கோளாறா?

பதில்: இல்லை. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் லிஸ்ட் செய்தி போகும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் எண்ணைச் சேமிக்காதவரை எத்தனை லிஸ்ட்டில் போட்டாலும் பயனில்லை. ஸ்டேட்டஸும் அப்படித்தான்: இருவர் போனிலும் மற்றவர் எண் இருந்தால்தான் தெரியும்.

எனவே பொருளை ஒப்படைக்கும்போதே, 'சர்வீஸுக்கு இந்த எண்ணில்தான் கூப்பிட வேண்டும், இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி உங்கள் கான்டாக்ட்டை அனுப்பிவிடுங்கள். அவர் சேமிக்கும் வரை அங்கேயே நில்லுங்கள்; பத்து விநாடி வேலை. அவர் எண்ணையும் பெயரோடு சேமித்து, வாங்கிய பொருளுக்கேற்ப வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு லேபிள் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கு என்ன அனுப்புவது என்று தேட வேண்டியிருக்காது.

பிராட்காஸ்ட் போகவில்லையே என்று எல்லோரையும் ஒரு குரூப்பில் சேர்த்துவிடாதீர்கள். ஒருவர் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்த எண் அது. விலைக்குக் கிடைக்கும் எண் பட்டியல்கள் பக்கமே போகாதீர்கள். நிறையப் பேர் பிளாக் செய்தோ புகார் கொடுத்தோ விட்டால் வாட்ஸ்அப் உங்கள் கணக்கை முடக்கக்கூடும். கடைப் பலகையிலும் பில்லிலும் இருக்கும் எண்ணில் வாட்ஸ்அப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கூகுள் மேப்பில் ரிவ்யூ எழுதுபவர்களுக்குத் தள்ளுபடி தரலாமா?

பதில்: கூடாது. ரிவ்யூவுக்குப் பதிலாகத் தள்ளுபடியோ பரிசோ தருவதைக் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் அதே விதிகளுக்கு முரண். வேலை முடிந்த இரண்டு நாளுக்குள் எல்லோருக்கும் ரிவ்யூ லிங்க்கை அனுப்புங்கள். மேப்பில் உங்கள் கடைக்கான பக்கமான 'பிசினஸ் புரொஃபைலிலேயே' அந்த லிங்க்கும் கியூஆர் குறியீடும் கிடைக்கும். 'நன்றாக எழுதுங்கள்' என்று சொல்லாமல், 'என்ன வேலை செய்தோம் என்பதையும் குறிப்பிடுங்கள்' என்று கேளுங்கள். அது அடுத்து வருபவருக்கு உதவும்.

அதோடு, புரொஃபைலில் கடைப் பெயருக்குப் பின்னால் 'சிறந்த, மலிவான' என்றெல்லாம் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். பலகையில் உள்ள பெயர் மட்டுமே இருக்க வேண்டும். மீறினால் புரொஃபைல் முடக்கப்படலாம். விடுமுறை நாள் நேரத்தையும் முன்கூட்டியே மாற்றி வையுங்கள். மேப்பில் 'திறந்திருக்கிறது' என்று பார்த்து வந்து, பூட்டிய கதவைக் கண்டவர் மறுபடி வருவது சந்தேகம்.

கேள்வி: தையல் கடை நடத்துகிறேன். காசு கொடுத்து விளம்பரம் செய்தால் நேரம் மிச்சமாகுமே?

பதில்: வருகிற விசாரிப்புகளுக்கு யார் பதில் சொல்வார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலையில் கேட்டவருக்கு இரவில் பதில் சொன்னால் அதற்குள் அவர் வேறு கடைக்குப் போயிருப்பார். கொடுத்த காசு வீண். தினம் இரண்டு வேளை, கால் மணி நேரம் பதிலுக்கென்று ஒதுக்க முடிந்தால் மட்டும் ஆரம்பியுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில், நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் 'அவே மெசேஜ்' வைத்து, எத்தனை மணிக்குப் பதில் வரும் என்று சொல்லிவிட்டால் சிலராவது காத்திருப்பார்கள்.

விளம்பரம் காட்டும் எல்லையைக் கடையைச் சுற்றி நீங்கள் உண்மையில் வேலை எடுக்கும் தூரத்துக்குள் சுருக்குங்கள். கூகுள் விளம்பரத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் குறிக்கும் தினசரித் தொகை சராசரிதான். ஒரு நாளில் அதன் இரண்டு மடங்கு வரை செலவாகலாம். மாதக் கணக்கில் அந்தத் தொகையின் 30.4 மடங்கை (ஒரு மாதத்தின் சராசரி நாள் கணக்கு) தாண்டாது. முதல் நாளே இரட்டிப்பாகப் போனதைப் பார்த்துப் பதறி நிறுத்துபவர்கள் உண்டு.

கேள்வி: இதையெல்லாம் ஓர் ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டால்?

பதில்: படம் திருத்துவது, தேதி குறித்துப் போடுவது, விளம்பரத்தை அமைப்பது ஆகியவற்றைக் கொடுக்கலாம். கொட்டேஷன் கேட்டவரோடு பேசுவதை மட்டும் கொடுக்காதீர்கள். உங்கள் வேலையைப் பற்றி உங்களைப்போல் யாராலும் சொல்ல முடியாது.

ஃபேஸ்புக் பக்கம், விளம்பரக் கணக்கு, கூகுள் புரொஃபைல், இணையதள டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) எல்லாம் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் தொடங்கியவையாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டைத் தராதீர்கள், அந்தந்தத் தளத்தில் அவர்களை மேனேஜராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களே தங்கள் மின்னஞ்சலில் தொடங்கிவிட்டால், பிரியும்போது பல வருட ரிவ்யூக்களும் பின்தொடர்பவர்களும் அவர்கள் கையில் நின்றுவிடும். மாதாந்திர அறிக்கையில் லைக் எண்ணிக்கைக்குப் பதிலாக, எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் செய்தி அனுப்பினார்கள் என்று கேளுங்கள். முதல் ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: இதில் எது பலன் தருகிறது என்று எப்படித் தெரியும்?

பதில்: ஆர்டர் புத்தகத்தில் ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்று கேட்டு, மேப், இன்ஸ்டா, தெரிந்தவர் சொன்னது, பழைய வாடிக்கையாளர், கடைப் பலகை என்று ஒற்றைச் சொல்லில் எழுதுங்கள். 'நெட்டில் பார்த்தேன்' என்பவரிடம் 'எங்கே?' என்று இன்னொரு முறை கேட்க வேண்டும். விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களையும் அதே பத்தியில் வேறு மையில் எழுதுங்கள்; ஓர் இடத்திலிருந்து விசாரிப்பு மட்டுமே வந்து ஆர்டர் வராமல் இருப்பது அப்போதுதான் பிடிபடும். மூன்று மாதம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுகூடத் தேறாத இடத்தை விட்டுவிட்டு, அதற்குச் செலவான நேரத்தைக் கொட்டேஷன் செய்திகளுக்கு மாற்றுங்கள்.