மேக்ஸ் ஏன் ஜென்னியைத் திருப்பி அனுப்பினான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த 'ஸ்ட்ரெயிட் டைம்' (1978) படத்தைப் பார்த்தேன். முடிவு எனக்கு ஒப்பவில்லை. திருடன் மேக்ஸ் டெம்போ, தன் காதலி ஜென்னியைப் பஸ் பிடித்து ஊருக்குப் போகச் சொல்லிவிட்டுத் தனியாகக் காரில் கிளம்புகிறான். அப்புறம் அவனுடைய போலீஸ் புகைப்படங்கள், வயது குறைந்துகொண்டே போகும் வரிசையில். திருடன் திருந்தமாட்டான் என்று சொல்லத்தான் இவ்வளவும் எடுத்தார்களா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படம் அப்படிச் சொல்வதாக நான் நினைக்கவில்லை. மேக்ஸ் பரோலில் வெளியே வந்தவன், அதாவது மீதித் தண்டனையை ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே கழிப்பவன். டப்பா தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறான். நண்பன் வில்லி அவன் அறையில் போதை ஊசி போட்டுக்கொள்கிறான். எரிந்த தீக்குச்சியைப் பார்த்த அதிகாரி மேக்ஸைக் கைவிலங்கிட்டு உள்ளே தள்ளுகிறார். பரிசோதனையில் அவன்மேல் குற்றமில்லை என்று தெரிந்தபிறகும் மன்னிப்பு கிடையாது, 'யார் போட்டது, சொல்' என்ற கேள்விதான். அவன் உடைந்து மறுபடி திருட்டுக்குத் திரும்புவது அங்கேதான்.

ஆனால் பழி முழுவதையும் அதிகாரிமேல் போட்டிருந்தால் இது சாதாரணப் படமாகியிருக்கும். நகைக்கடைக் கொள்ளையை நினைத்துப் பாருங்கள். நேரமாகிவிட்டது, போகலாம் என்று கூட்டாளி ஜெர்ரி கெஞ்சுகிறான். மேக்ஸ் இன்னும் ஒரு பெட்டி, இன்னும் ஒரு பெட்டி என்று உடைத்துக்கொண்டே இருக்கிறான். அப்போது அவனை யாரும் விரட்டவில்லை. அந்தத் தாமதத்தில்தான் ஜெர்ரி சாகிறான். தான் மாட்டப்போவது உறுதி என்று மேக்ஸ் ஜென்னியிடம் சொல்லும்போது விதியைப் பற்றிப் பேசவில்லை, அந்தக் கடையில் தன்னைப் பார்த்துவிட்டான். படம் முழுக்க மற்றவர்கள் அவனை எடைபோடுகிறார்கள். அவன் தன்னைச் சரியாக எடைபோடுவது இந்த ஓர் இடத்தில்தான்.

புகைப்படங்கள் இல்லாமலே முடித்திருக்கலாம் என்பதில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் எனக்கு அவை ஜாதகமாகத் தெரியவில்லை. சிறுவயதிலிருந்தே ஒருவனைக் கேமரா முன் நிறுத்திப் பதிவுசெய்ததைத் தவிர அரசு அவனுக்கு வேறென்ன செய்தது என்று கேட்பதாகவே படுகிறது. மூலநாவலை எழுதிய எட்வர்ட் பங்கர் பதின்வயதிலேயே சான் குவென்டின் சிறைக்குப் போனவர். 1973-இல் நாவல் வெளியானபோதும் சிறையில்தான் இருந்தார். 1975-இல் விடுதலையானபின் எழுத்தும் நடிப்புமாக வாழ்ந்து 2005-இல் இறந்தார். இந்தப் படத்திலேயே ஒரு சிறு வேடத்தில் வருகிறார். திருந்தமாட்டான் என்று சொல்ல அவரையா பிடிப்பார்கள்?

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கொள்ளையின்போது வெளியே காரோடு காத்திருக்காமல் ஓடிப்போன வில்லியை மேக்ஸ் சுட்டுக் கொல்கிறான். அவனை விட்டு விலகியிரு என்று மேக்ஸிடம் முன்பே கேட்டுக்கொண்டவள் வில்லியின் மனைவி. அந்தச் சாவுக்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்பதைப் படம் கண்டுகொள்வதே இல்லை. குறை சொல்வதென்றால் நான் அங்கிருந்து ஆரம்பிப்பேன்.