பச்சை மரத்தை ஸ்லாப் பலகையாக அறுத்து, உலர்த்தி விற்கும் சிறுதொழில் சரிப்பட்டு வருமா?

அடிமரம் வாங்கி, மரத்தின் முழு அகலமும் வரும்படி 2 அங்குலப் பலகைகளாக (ஸ்லாப்) அறுத்து, மேசை செய்பவர்களுக்கு விற்கலாமா, எவ்வளவு காலம் பிடிக்கும், நட்டம் எங்கே வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அறுப்பதும் விற்பதும் இதில் சின்ன வேலைகள். இரண்டுக்கும் நடுவே பலகை காயும் மாதங்களில்தான் லாபமா நட்டமா என்பது முடிவாகிறது.

இரண்டரை மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமன் உள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு மாதிரி நடுத்தர அடர்த்தி உள்ள மரம், ஈரப்பதம் (முழுக்க உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் தண்ணீரின் எடை) 80% என்றால், பச்சையாக அது 110 கிலோவைத் தாண்டும். மேசைக்கு ஏற்ற அளவு காய்ந்தபின் 70 கிலோ சொச்சம். ஒரே பலகையிலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். அது வெளியேறும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் இந்தத் தொழில்.

பச்சை மரத்தில் ஈரம் இரண்டு இடங்களில் இருக்கிறது: செல்களின் உள்வெளியில், செல்சுவருக்குள். உள்வெளித் தண்ணீர் போகும்வரை மரம் சுருங்காது. ஈரப்பதம் சுமார் 28–30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் செல்சுவர் வற்றிச் சுருக்கம் ஆரம்பிக்கும். பெரும்பாலான மரங்கள் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பலகை கிண்ணம்போல் குழிவது இதனால்தான். மேல்தோல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது, உள்ளே இன்னும் 60 என்றால், தோல் சுருங்கப் பார்க்கும், உள்மரம் விடாது, மேற்பரப்பு வெடிக்கும். பலகையைக் கெடுப்பது வெயிலும் காற்றும் தரும் அவசரம்.

அறுக்கும்போதே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முடிந்த பலகை 2 அங்குலம் வேண்டுமென்றால் இரண்டரை அங்குலத்துக்கு அறுக்க வேண்டும். சுருக்கமும், வளைவை இழைத்துச் சமன்செய்வதும் அந்த அரை அங்குலத்தைத் தின்றுவிடும். அடிமரத்தின் நட்டநடு மையம் வரும் பலகை பெரும்பாலும் மையத்தோடு பிளக்கும். அதை முழு ஸ்லாப்பாக விலை பேச வேண்டாம், மையத்தை வெட்டி நீக்கி இரண்டு குறுகிய பலகைகளாக்குங்கள். அறுத்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் அடிமர எண், பலகை எண், மரத்தின் பெயர், அறுத்த தேதி எழுதிவிடுங்கள். அடுத்தடுத்த பலகைகளை ஜோடியாக விரித்து வைத்தால் ரேகை கண்ணாடிப் பிம்பம்போல் விழும். அந்த ஜோடிக்கு நல்ல விலை உண்டு. வரிசை கலைந்தால் அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. தெருவோர, தோட்ட மரமென்றால் அறுப்பதற்கு முன் உலோகம் தேடும் கருவியால் ஒருமுறை தடவுங்கள்; உள்ளே புதைந்த ஆணி ரம்பத்தின் பற்களைக் காலி செய்துவிடும்.

முனைகளுக்கு அன்றைக்கே மெழுகுப் பூச்சு போட்டாக வேண்டும். பலகையின் முகத்தைவிட முனை வழியாக ஈரம் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக வெளியேறும். இரண்டு நாள் கழித்துப் பூசினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஏற்கெனவே விழுந்திருக்கும், பூச்சு அதை மூடுமே தவிர ஆற்றாது. மரமுனைக்கென்றே வரும் மெழுகுக் குழம்பு சிறந்தது. சாதாரணச் சுவர் பெயின்ட் ஈரத்தைத் தடுக்காது. கவட்டை (கிளை பிரியும் இடம்) வரும் பலகைகளில் ரேகை எல்லாத் திசையிலும் ஓடுவதால், கவட்டைப் பகுதியின் இரு முகத்திலும் பூசுங்கள்.

அடுக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், ரசமட்டம் வைத்துச் சமன்செய்த அடித்தளம் வேண்டும். அடித்தளம் முறுக்கியிருந்தால் பலகையும் அதே முறுக்கோடு காயும். பலகைக்குப் பலகை நடுவே முக்கால் முதல் ஒரு அங்குலம் கனமுள்ள, ஒரே அளவாக இழைத்த, நன்கு காய்ந்த ரீப்பர் (இடைச்சட்டம்). கனமான ஸ்லாப்புக்கு 40 செ.மீ.க்கு ஒன்று, இரு முனையிலும் விளிம்போடு ஒட்டி ஒன்று. எல்லா ரீப்பரும் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில், அடித்தளக் கட்டைக்கு மேலேயே உட்கார வேண்டும். ஓர் அங்குலம் தள்ளியிருந்தாலும் அந்த இடத்தில் பலகை தொய்யும். ஈர ரீப்பர் வைத்தால் பலகையின் குறுக்கே பட்டை பட்டையாகக் கறை பிடிக்கும். சில மரங்களில் இழைத்தாலும் போகாது. அடுக்கும் முன் மரத்தூளைச் சுத்தமாகத் துடையுங்கள், பூஞ்சை அதில்தான் முதலில் பிடிக்கும். உச்சியில் கான்கிரீட் கட்டைகளோ, ராட்செட் பெல்ட்டோ போட்டு இறுக்குங்கள். மரம் சுருங்கச் சுருங்க பெல்ட் தளரும், அவ்வப்போது முறுக்க வேண்டும். மேலே தகரக் கூரை, பக்கங்கள் திறந்து. அனல் காற்று வீசும் காலத்தில் பக்கங்களில் நிழல்வலை கட்டுங்கள். தார்ப்பாயால் முழுசாக மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பூச்சி என்றால் பட்டையை ஒட்டிய வெளிமரம்தான் அதற்குத் தீனி. மா போன்ற மரங்களில் வண்டும் பூஞ்சையின் நீலக்கறையும் சீக்கிரம் வரும். அறுத்த கையோடு போரேட் கரைசல் அடித்துவிடுங்கள், பச்சை மரத்தில் அது உள்ளே ஊடுருவும். முதல் சரக்குக்குச் சுருக்கம் குறைவான மரமாகத் தேர்ந்தெடுங்கள். தூங்குமூஞ்சி மரம் இதற்கு வெகு பொருத்தம்: அகலமும் கிடைக்கும், நடுவில் சிறு தவறு நடந்தாலும் தாங்கும்.

"ஓர் அங்குலத்துக்கு ஓர் ஆண்டு" என்பார்கள். தடிமன் இரட்டித்தால் காலம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்குவரை போகும் என்பதால் அதை அப்படியே நம்பி வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லாதீர்கள். வெளிக்காற்றில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் மரம் ஓர் எல்லைக்கு மேல் காயாது. காற்றின் ஈரப்பதம் 80% உள்ள இடத்தில் மரம் 16 சதவீதத்திலும், 65% உள்ள இடத்தில் 12 சதவீதத்திலும் நின்றுவிடும். ஏசி ஓடும் அறையில் காற்று 50% என்றால் மரம் 9 சதவீதத்துக்கு இறங்கப் பார்க்கும். 16-இல் விற்ற மேசை அந்த அறைக்குப் போய்த்தான் வெடிக்கும். ஆகவே கூரையடியில் 20–25% வரை இறக்கி, மிச்சத்தை உலர்த்தும் அறையில் (சூளையில்) முடிப்பதே நியாயமான வழி.

அறைக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. வெப்பம் வெளியேறாத சுவர், ஈரமுறிஞ்சும் இயந்திரம், அடுக்கின் வழியே காற்றைத் தள்ளும் விசிறிகள் இருந்தால் போதும். வேகத்தை எடைபோட்டுப் பார்த்துக் கட்டுப்படுத்துங்கள். சிவப்பு ஓக் போன்ற அடர்ந்த மரம் ஓர் அங்குலத் தடிமனில் நாளுக்கு 3.8% ஈரம் இழக்கலாம், இரண்டு அங்குலத்தில் 1.5 சதவீதமே எல்லை. தாண்டினால் உள்ளே தேன்கூடுபோல் வெடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கடைசியில் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸை எட்டி 30 நிமிடம் நிற்கும்படி சூடாக்கினால் உள்ளிருக்கும் வண்டும் முட்டையும் அழியும். இதைச் செய்யாமல் "சூளையில் உலர்த்தியது" என்று விற்பது தவறு.

முகத்தில் ஈரமானியை வைத்து 10% காட்டியதும் மகிழ்ந்துவிட வேண்டாம். இரண்டு அங்குலப் பலகையில் ஒரு அங்குலம் இறங்கும், நுனி தவிர மற்ற பகுதி காப்பிட்ட ஊசிகள் வேண்டும். மர வகைக்கான திருத்தத்தையும் கருவியில் போட வேண்டும். சந்தேகமென்றால் முனையிலிருந்து 30 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு துண்டு அறுத்து எடைபோடுங்கள். 103 டிகிரி அடுப்பில் எடை குறையாமல் நிற்கும்வரை வைத்து மறுபடி எடைபோடுங்கள். எடை எவ்வளவு குறைந்ததோ அதை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரப்பதம். இதற்கு ஒரு பலகையைப் பலிகொடுப்பது வீணல்ல. காய்ந்த சரக்கைப் பழையபடி திறந்த கொட்டகையில் போட்டால் ஈரம் திரும்ப ஏறும். மூடிய அறையில், பிளாஸ்டிக் தாள் சுற்றி வையுங்கள்.

விலையைக் கன அடிக்கு மட்டும் போடுவது ஸ்லாப்புக்குச் சரிவராது. அகலம், ரேகை, ஜோடி, வெடிப்பு எல்லாம் பார்த்துத் துண்டுக்குத் துண்டு விலை போடுங்கள். அதற்கு அடியில், மரம், அறுப்புக்கூலி, இடவாடகை, மின்சாரம், ஓராண்டுக்கு மேல் முடங்கும் பணத்தின் வட்டி, வெடித்துக் கழியும் பலகைகள் இத்தனையும் சேர்ந்த அடக்கவிலை தெரிந்திருக்க வேண்டும். முதல் சரக்கு காயும்வரை வருமானம் இராது. அதுவரை பிறர் மரத்தைக் கூலிக்கு உலர்த்தித் தரலாம். மெல்லிய பலகைகளையும் கடைசல் கட்டைகளையும் விற்கலாம், அவை சீக்கிரம் காயும். பச்சைப் பலகை கேட்பவருக்கு "பச்சை" என்று எழுதியே கொடுங்கள். சமன்செய்து தரும் வேலையை ரூட்டரில் (மரம் செதுக்கும் இயந்திரம்) தனிக்கூலிக்குச் செய்யலாம், ஆனால் காய்ந்து முடிந்தபிறகு மட்டுமே. படம் எடுக்கும்போது பலகையை லேசாக நனைத்தால் ரேகை தெரியும். காய்ந்த படமும் வெடிப்பின் படமும் சேர்த்தே போடுங்கள், திரும்பி வரும் சரக்கு குறையும்.

ஒவ்வொரு பலகையோடும் ஒரு சீட்டு போகட்டும்: மரம், நடுப்பகுதி ஈரப்பதம், அளந்த தேதி, பொருத்தும் முறை. வளையப் போக்கில் முழுச் சுருக்கம் 6% உள்ள மரத்தில் 90 செ.மீ. அகலப் பலகை, 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு வந்தால் சுமார் 7 மி.மீ. ஒடுங்கும். மேசைக் காலை அசையாமல் திருகி முடுக்கினால் அந்த 7 மி.மீ. வெடிப்பாக வெளிவரும். திருகுத் துளைகளை நீள்வட்டமாகப் போடும்படி சீட்டில் எழுதுங்கள்.